பாதி பிடித்தவருக்கு வாசல் இல்லை

அரசாங்கம் படம் எடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பெருங்கனவுத் துறை என்று ஒரு துறை முளைத்திருக்காது. ஆற்றுப் பாலத்துக்கு வரவேண்டிய இரும்பு ரோபோ செய்யப் போயிருக்காது. மூக்குக்கண்ணாடி விற்கும் கண்ணாடிக்கடைக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தியேட்டர் வாசலில் வழி தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்.

படம் ரோபோக்களைப் பற்றியது. பெயர் வைக்கும் குழுவில் யாரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை என்பதால் எல்லோரும் அதைப் பெரும்படம் என்றே சொன்னார்கள். "இதுவரை மனிதர்கள் எடுத்த படங்கள் எல்லாம் இதற்கு ஒத்திகை" என்று துறைத் தலைவர் வானொலியில் சொன்னார். எடுத்து முடிக்கப் பல வருடங்கள் ஆயின. இயந்திரத்தால் செய்த நிஜ ரோபோக்கள் நடக்கவிட்டபோதெல்லாம் குப்புற விழுந்தன. அதனால் தகரக் கூட்டுக்குள் ஆட்களை இறக்கி நடக்க வைத்தார்கள். இது துறையின் பரம ரகசியம், ஊரில் தெரியாதவர் யாரும் இல்லை.

அப்படித் தகரத்துக்குள் இறங்கியவர்களில் ஒருத்தி கண்ணாடிக்கடைக்காரரின் மகள். ஒரே மகள். எந்த ரோபோவுக்குள் யார் இருக்கிறார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது கட்டளை. "நீயே கண்டுபிடிச்சுக்கோப்பா" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அப்பாவை அவள் நீ, போ, வா என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் சுளித்தால் கண்ணாடிக்கடைக்காரருக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

ஊருக்குத் தெருத் தெருவாக முறை வைத்துப் படம் காட்டினார்கள். அவர்கள் தெருவின் முறை வந்தது, கணவனும் மனைவியும் போனார்கள். முறை வந்தும் போகாமல் இருப்பதற்குத் தடை கிடையாது. ஏன் போகவில்லை என்று துறைக்கு நேரில் வந்து விளக்கினால் போதும். விளக்கப் போன ஒருவரும் விளக்கிவிட்டேன் என்று திரும்பி வந்து சொன்னதில்லை. ஆகவே எல்லோரும் படத்துக்கே போனார்கள்.

முதல் பாதி அவருக்கு நிஜமாகவே பிடித்துவிட்டது. மழையில் வரிசையாக நிற்கும் பழைய ரோபோக்கள், அவற்றின் தோளில் விழும் சொட்டின் சத்தம், யாரும் பேசாத ஒரு தொழிற்சாலை. அரசாங்கத்துக்கு இப்படியெல்லாம் எடுக்கத் தெரியுமா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி வந்தது. உழைத்துத் தேய்ந்த ஒரு வீட்டு வேலை ரோபோவை உடைத்துப் போட இழுத்துக்கொண்டு போகிறான் ஒரு தொழிலாளி. வழியில் அவனுடைய ஷூ லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபடுகிறது. ரோபோ நிற்கிறது. இடது முழங்காலை முதலில் ஊன்றி, ஒரு கையைத் தரையில் வைத்து, மெதுவாகக் குனிந்து அந்த லேஸைக் கட்டிவிடுகிறது. பிறகு எழுந்து, உடைபடுவதற்காக அவன் பின்னால் நடக்கிறது.

கண்ணாடிக்கடைக்காரர் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். இடது முழங்கால், பிறகு கை. தன் ஐந்து வயதிலிருந்து அவருடைய ஷூவுக்கு அவள்தான் லேஸ் கட்டுகிறாள். அவருக்கு முதுகு வலி வந்த வருடத்தில் ஆரம்பித்தது, வலி போன பிறகும் அவள் விடவில்லை. மனைவியின் கையைப் பிடித்து, "நம்ம குட்டி" என்றார். மனைவி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டாம் பாதியைப் பற்றி என்ன சொல்ல. ரோபோக்கள் மலை மேல் ஏறின, கொடி நட்டன, சொற்பொழிவு ஆற்றின. சூரியன் மூன்று முறை உதித்தது, ஒரு முறையாவது மறைந்ததாக ஞாபகம் இல்லை. கடைசியில் ஒரு நீதிபதி ரோபோ நாயக ரோபோவைக் கேட்டது: "நீ இயந்திரமா, மனிதனா? இரண்டில் ஒன்றைச் சொல்." நாயக ரோபோ வானத்தைப் பார்த்து, "இரண்டும்" என்றது. அதன் தகரக் கன்னத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வழிந்தது. திரையின் ஓரத்தில் நின்ற துறை ஊழியர்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள். அது அவர்களுடைய பணி நேரத்தில் சேர்ந்தது.

வெளியே போக இரண்டு வாசல்கள் இருந்தன. இடது வாசலுக்கு மேலே பிடித்தது என்றும் வலது வாசலுக்கு மேலே பிடிக்கவில்லை என்றும் பச்சை விளக்கில் எழுதியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஆளைத் தள்ளி எண்ணுகிற ஒரு சுழல் கம்பி. இரண்டு வாசலும் ஒரே தெருவில் ஒரே நடைபாதையில்தான் போய் முடிந்தன. துறைக்கு மக்கள் கருத்தின் மேல் அவ்வளவு மரியாதை. மனைவி இடது வாசலில் கும்பலோடு கும்பலாகப் போய்விட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் நின்றார். எதிர்ப்புக் காட்ட நின்றார் என்று யாரும் தப்புக் கணக்குப் போட வேண்டாம், அவர் அந்த ரகம் இல்லை. காலையிலிருந்து மாலைவரை கடையில் ஆட்களை உட்கார வைத்து, கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அதுவா?" என்று கேட்பது அவர் தொழில். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு", "இதுல எழுத்து தெரியுது, ஆனா கண்ணு வலிக்குது" என்றெல்லாம் ஆட்கள் சொல்வார்கள். அவரும் சரி சரி என்று வேறு வில்லையை எடுப்பார். அந்தப் பழக்கத்தில், வாசல் காவலரிடம் சும்மா வழி கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டார்.

"முதல் பாதி ரொம்பப் பிடிச்சுது. ரெண்டாவது பாதி அவ்வளவா இல்ல. நான் எந்தப் பக்கம் போகணும்?"

காவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாதின்னு வாசல் இல்லீங்க."

"அப்ப பிடிச்சதுலயே போயிடறேன்."

"இனிமே முடியாதுங்க. நீங்க சொன்னது என் காதுல விழுந்துடுச்சே. இப்ப நீங்க அதுல போனா பொய்யாயிடும். பொய்க் கருத்துக்குத் தனியா ஆளுங்க இருக்காங்க. அங்க போனா கஷ்டம்." அவர் குரலில் நிஜமான அக்கறை இருந்தது. விசிலை எடுத்து ஊதினார். பின்னால் வந்த கூட்டம் கண்ணாடிக்கடைக்காரரைச் சுற்றிக்கொண்டு, ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்காமல், இடது வாசல் வழியாக வேகமாகப் போனது.

தெளிவு அறை தியேட்டருக்குப் பின்னால் இருந்தது. சுத்தமான அறை. சன்னல் இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் சுவர் இருந்தது. தெளிவு அதிகாரி ஒரு பெண்மணி, அன்பானவர், எடுத்தவுடன் டீ வரவழைத்தார்.

"பயப்படாதீங்க. இங்க யாரையும் நாங்க எதையும் சொல்ல வைக்கிறதில்ல. பிடிக்கலன்னு சொன்னாக்கூட மதிக்கிறோம். போன வாரம் ஒருத்தர் பிடிக்கலன்னு சொன்னாரு, கை குடுத்து அனுப்பினோம். இப்ப அவரு எங்க இருக்காருன்னுகூட எங்களுக்குத் துல்லியமா தெரியும். ஆனா ரெண்டும்னு சொன்னா எங்க வைக்கிறது உங்கள?"

"படத்துலயே அந்த ரோபோ ரெண்டும்னுதானே சொல்லுது, அம்மா?"

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. "அந்த இடம். எத்தன தடவ பார்த்தாலும் எனக்கு அழுகை வந்துடும். தயங்கறவன்தான் மனுஷன்னு எவ்வளவு அழகா சொல்றாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, இப்ப நீங்க தயங்காம ஒண்ண சொல்லுங்க."

அவரால் முடியவில்லை. பிடித்தது என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அந்த மலையும் கொடியும் ஞாபகத்துக்கு வந்தன. பிடிக்கவில்லை என்று சொல்லலாம் என்றால் இடது முழங்கால் ஞாபகம் வந்தது. அதுவும் மகள் வேலை செய்கிற இடம், அங்கே உட்கார்ந்துகொண்டு அவள் அப்பனே பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது.

அறையின் மூலையில் ஒருவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவரை அதிகாரி காட்டினார். "இவரு பல் டாக்டர். வரும்போது உங்கள மாதிரிதான் வந்தாரு. இசை நல்லா இருக்கு, கதை வளவளன்னு போகுதுன்னு. படத்தத் திரும்பத் திரும்பக் காட்டினோம். வேற ஒண்ணும் பண்ணல. டாக்டர், டீ எப்படி இருக்கு?"

"பிடித்தது" என்றார் பல் டாக்டர்.

"ஆறிப்போச்சே."

"பிடித்தது."

"நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறோம்" என்று அதிகாரி தாய்மை பொங்கச் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் தன் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

மாலையில் அவரை வீட்டுக்கு விட்டார்கள், காலையில் வந்துவிட வேண்டும் என்று சொல்லி. கடையைத் திறக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, கண் தெரியாதவர்கள் ஒரு வாரம் பொறுக்கமாட்டார்களா என்றார்கள். வீட்டில் மனைவி காத்திருந்து பிடித்துக்கொண்டாள்.

"ஊரே அந்த வாசல்ல போகுது, உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு? கல்யாணத்துக்கு மறுநாள் என் சமையல் எப்படின்னு கேட்டேன். ரசிச்சு ரசிச்சு நல்லா இருக்குன்னீங்க. அன்னிக்கு வந்த பொய் இன்னிக்கு வரலையா?"

"அன்னிக்கு யாரும் விசில் ஊதல" என்றார் அவர்.

மகள் வந்தபோது கைகால் எல்லாம் தகரம் உரசிய சிவப்புக் கோடுகள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "என்னக் கண்டுபிடிச்சியா?"

"முழங்கால வெச்சதுமே."

அவள் சிரித்தாள், உடனே நிறுத்தினாள். "அப்பா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத. அது எழுதினதே இல்ல. இழுத்துட்டுப் போற மாதிரி நடிக்கும்போது அந்த ஆளுக்கு நிஜமாவே லேஸ் அவிழ்ந்துடுச்சு. தடுக்கி விழப் போறாரேன்னு குனிஞ்சேன், அவ்வளவுதான். கேமரா ஓடிட்டு இருந்துது. எல்லாரும் அதுதான் கதைன்னு நெனச்சுட்டாங்க. ஒருத்தரும் கேக்கல. நீ பேசாம நாளைக்குப் பிடிச்சுதுன்னு சொல்லிட்டு வந்துடு, சரியா?"

சரி என்றார். மனசாரத்தான் சொன்னார்.

ஆனால் தெளிவு அறையில் ஒருவர் மனசாரச் சொல்வதை நம்புகிற வழக்கம் இல்லை. காலையில் போய், "பிடிச்சுதுங்க" என்றார். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் எது மாறியது என்று அதிகாரி கேட்டார். இவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாத மாற்றம் சந்தேகத்துக்கு உரியது என்பதால் மறுபடி படத்தைக் காட்டினார்கள். காலி தியேட்டரில் அவர் மட்டும், பின் வரிசையில் அவர் முகத்தைப் பார்ப்பதற்கென்று ஒருவர். லேஸ் காட்சி வந்ததும் முகம் மலர்ந்தது. மலைக் காட்சி வந்ததும் வாடியது. மறுநாளும் காட்டினார்கள். பார்க்கப் பார்க்க முதல் பாதி இன்னும் பிடித்தது, இரண்டாம் பாதி இன்னும் பிடிக்காமல் போனது.

"கலப்பு கூடுது" என்று பின் வரிசைக்காரர் அறிக்கை சொன்னார். தெளிவு அதிகாரி அன்றைக்கு டீ தரவில்லை.

அந்த வாரக் கடைசியில் துறைத் தலைவரே வந்தார். அவரோடு கதாசிரியரும் வந்தார். ஒல்லியான மனிதர், தலைவர் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தார், தலைவர் இருமியபோது தண்ணீர் குடித்தார். தலைவர் கண்ணாடிக்கடைக்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார்.

"நான் ஒரு சாதாரண ரசிகன்யா. அதிகாரின்னு நெனைக்காதே. இந்தப் படம் எதுக்கு எடுத்தோம்? மனுஷன் சொந்தமா யோசிக்கணும்னு. இயந்திரம் மாதிரி தலையாட்டக் கூடாதுன்னு. அதுக்காகத்தான் இந்த ஊர்ல ஒவ்வொருத்தரையும் தெருத் தெருவா கூட்டிட்டு வந்து காட்டறோம். ஒருத்தர் விடாம சொந்தமா யோசிச்சு ஒரே முடிவுக்கு வந்துட்டு இருக்காங்க. நீ ஒருத்தன்தான் பாக்கி. எனக்கு ஒன் மேல கோவம் இல்ல, ஆசையா இருக்கு. சொல்லு, அதுல எது ஒனக்கு அப்படிப் பிடிச்சுது?"

ஒரு வாரமாக யாரும் அப்படித் தோளில் கை போட்டதில்லை. கண்ணாடிக்கடைக்காரர் லேஸ் காட்சியைச் சொன்னார். சொல்லும்போதே குரல் இளகியது. மழைச் சொட்டிலிருந்து ஆரம்பித்து, ரோபோ எழுந்து அவன் பின்னால் நடக்கிறவரை சொன்னார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அற்புதம்" என்றார். கதாசிரியர் பக்கம் திரும்பினார். "நீ எழுதினதிலேயே இதுதான்யா உச்சம்."

கதாசிரியர் தலையைக் குனிந்துகொண்டு, "ஏதோ, அதுவா வந்துச்சு" என்றார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. பெற்ற மனம் எதையும் பொறுத்துக்கொள்ளும், பிள்ளையின் பெருமையை இன்னொருவன் மடியில் கட்டிக்கொண்டு போவதை மட்டும் பொறுக்காது. மகள் சொன்னது ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால் வார்த்தை வந்துவிட்டது.

"அது இவரு எழுதலங்க. யாரும் எழுதல. என் மகதான் அந்த ரோபோ. அவளாத்தான் குனிஞ்சா."

தலைவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை.

"யாரும் சொல்லாம?"

"அந்த ஆளு விழுந்துடுவாருன்னு..."

"யாரும் சொல்லாம ஒரு ரோபோ குனிஞ்சிருக்கு" என்று தலைவர் கதாசிரியரிடம் மெதுவாகச் சொன்னார். கதாசிரியருக்கு வியர்த்துவிட்டது. தலைவர் எழுந்து கண்ணாடிக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப உதவி பண்ணியிருக்கே. நாங்க இத்தன நாளா தப்பான இடத்துல தேடிட்டு இருந்தோம். ரெண்டாவது பாதியில என்ன குறைன்னு மண்டைய உடைச்சோம். குறை அங்க இல்ல. மொதல் பாதியில ஒரு நல்லது இருக்கு. அது இருக்கறதாலதான் மத்ததெல்லாம் மோசமா தெரியுது. அத எடுத்துட்டா ஒப்பிட ஒண்ணும் இருக்காது. சரிதானே?"

"ஐயா, என் மக..."

"அவளப் பத்திக் கவலைப்படாதே. அவளுக்குப் பயிற்சி போதல, அவ்வளவுதான்."

அன்று மகள் வீட்டுக்கு வரவில்லை. மறுபயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு போனில் யாரோ சொன்னார்கள், நன்றி சொல்லி வைத்தும் விட்டார்கள். மனைவி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு பேரும் கூடத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் படத்தை மறுபடி காட்டினார்கள். மழையில் ரோபோக்கள் நின்றன. தொழிலாளி வீட்டு வேலை ரோபோவை இழுத்துக்கொண்டு நடந்தான். லேஸ் அவிழவில்லை. ரோபோ நிற்கவில்லை. இரண்டும் நேராக நடந்து திரையை விட்டு வெளியே போய்விட்டன. பிறகு மலை, கொடி, சூரியன். கண்ணாடிக்கடைக்காரர் முகம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி இருந்தது. பின் வரிசைக்காரர் கொட்டாவி விட்டார்.

"இப்ப?" என்றார் தெளிவு அதிகாரி.

"பிடிக்கல."

"முழுசாவா?"

"முழுசா."

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, எவ்வளவு லேசா இருக்கு. இதுக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டோம்." டீ வந்தது. கிளம்பும்போது கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார், லேஸ் கட்டுகிற காட்சி எங்கே போயிற்று என்று. "எந்தக் காட்சி?" என்றார் அதிகாரி. நடிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. வலது வாசலின் சுழல் கம்பி அவரைத் தள்ளித் தெருவில் விட்டது. அன்றைய காட்சி முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் ஒருவர்கூட வலது பக்கம் வரவில்லை. காவலர் மட்டும் வணக்கம் வைத்து, அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மகள் அடுத்த வாரம் வந்தாள். வாசலில் செருப்பை ஜோடியாக, சுவரோடு ஒட்டிக் கழற்றிவைத்தாள். அதற்கு முன் ஒரு நாளும் அப்படி வைத்ததில்லை. மெலியவில்லை, அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லை, கைகாலில் இருந்த சிவப்புக் கோடுகள்கூட ஆறியிருந்தன. அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். மகள் அம்மாவின் கைகள் தானாக விலகும்வரை நின்றாள்.

"உன்ன என்ன பண்ணாங்க, குட்டி?"

"ஒண்ணும் பண்ணலம்மா. நல்லா பார்த்துக்கிட்டாங்க."

கண்ணாடிக்கடைக்காரர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாகப் பூட்டிக் கிடந்த கடை. ஒரு ஷூவை மாட்டி, இன்னொன்றை மாட்டி, லேஸைக் கட்டாமலே எழுந்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரவெல்லாம் சொல்லிப் பார்த்துவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் அடி முன்னால் வைத்தார். லேஸ் தரையில் இழுபட்டது. வேண்டுமென்றேதான் செய்தார்.

மகள் அதைப் பார்த்தாள். அவள் இடது முழங்கால் லேசாக மடங்கியது போல அவருக்குத் தோன்றியது. பிறகு நிமிர்ந்தது.

"லேஸ் அவிழ்ந்திருக்குப்பா" என்றாள்.

அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்க, முகத்தில் எந்தக் குறையும் இல்லாமல், கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க. கட்டணுமா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு."